ரெண்டு நிமிஷம் முப்பத்திரண்டு செகண்ட்

நெஞ்சு வலியெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. வீரவநல்லூர்ல ஏறுனதுல இருந்து நீங்க என் கையையே பாத்துக்கிட்டு வாரீங்க, அதான் சொல்லுதேன். சட்டைப் பையில ஒரு சாமான் இருக்கு. பஸ் குலுங்குற குலுங்கல்ல அடிபட்டுரக் கூடாதுன்னு பொத்திப் பிடிச்சுட்டு வாரேன். பிரஷர் உண்டு, மாத்திரை போடுதேன், அது வேற கதை.

இந்தா, இதுதான். சும்மா கையில வாங்கிப் பாருங்க. பாத்து, மேல இருக்க குமிழை மட்டும் அமுக்கிராதீங்க. அமுக்குனா ஓட ஆரம்பிச்சுரும். எட்டு நாளா அதை அமுக்காமத்தான் நான் தூக்கிட்டு அலையுதேன்.

ஆமா, ஸ்டாப் வாட்ச். பேட்டரி கிடையாது, சாவி கொடுக்குற ஜாதி. பெரிய முள்ளு ஒரு சுத்து சுத்துனா ஒரு நிமிஷம். உள்ள சின்ன வட்டம் ஒண்ணு இருக்குல்லா, அது எத்தனை நிமிஷம்னு காட்டும். ஒரு செகண்டுக்கு அஞ்சு கோடு போட்டிருக்கான் பாருங்க. செகண்டுல அஞ்சுல ஒரு பங்கு வரைக்கும் சுத்தமாச் சொல்லிரும். சொல்லிரும்னுதான் நெனச்சுட்டு இருந்தேன்.

நான் பி.டி. மாஸ்டர். சங்கரபாண்டியன்னு பேரு. போன மே மாசம் ரிட்டையர் ஆனேன். ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரே ஸ்கூல்ல முப்பத்திநாலு வருஷம். எங்கிட்ட ஒரு குணம் உண்டு அண்ணாச்சி. ஒரு செகண்ட்னா ஒரு செகண்ட்தான். ஹெட்மாஸ்டர் மகன் ஓடுனாலும் சரி, தோட்டி மகன் ஓடுனாலும் சரி, முள்ளு எங்க நிக்கோ அதுதான் டைம். ‘பிள்ளையாரே வந்து ஓடுனாலும் சங்கரபாண்டியன் சலுகை கொடுக்க மாட்டான்’னு ஸ்டாஃப் ரூம்ல சொல்லுவாக. கேலியாத்தான் சொல்லுவாக. எனக்கு அது பெருமையா இருக்கும்.

இப்ப மேலப்பாளையம் போறேன். அங்க முகைதீன் பாய்னு ஒருத்தர், வாட்ச் ரிப்பேர் கடை வச்சிருக்காரு. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். வாட்சுக்குள்ள ஓடுற மெஷினை ரிப்பேர் பண்ணவா, இல்ல அதைத் தூக்கிப் போட்டுட்டு வேற மெஷினை வைக்கவா. அவ்வளவுதான் கேள்வி. கேட்டா சின்னக் கேள்வி மாதிரித்தான இருக்கு. எனக்கு எட்டு நாளாச் சோறு எறங்கல.

போன மாசம் ஒரு பொம்பளை வீட்டுக்கு வந்தா. கையில ஒரு சீப்பு ஏத்தன் பழம். வாசல்ல நின்னுக்கிட்டு, “சார், நான் முத்துப்பேச்சி. எண்ணூறு மீட்டர்”ங்கா. எனக்குப் பிடிபடல. எத்தனை பிள்ளைங்களைப் பாத்தாச்சு, யாரைன்னு ஞாபகம் வச்சுக்கிட முடியும். அவ விடல. “ரெண்டு நிமிஷம் முப்பத்திரண்டு செகண்ட் சார்” அப்படின்னா. அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு.

எண்பத்தெட்டு. ஆகஸ்டு மாசம். இவ அப்ப பத்தாப்பு. அப்பன் கிடையாது, ஆத்தா பீடி சுத்துறவ. இவளும் ஸ்கூல் விட்டுப் போய் பீடி சுத்துவா. அந்த வருஷம் விளையாட்டுல கெட்டிக்காரப் பிள்ளைங்களை ஒரு ஹாஸ்டலுக்கு எடுத்தாங்க. சாப்பாடு, படிப்பு, பயிற்சி, எல்லாம் அங்கேயே. எண்ணூறு மீட்டர்னா பொம்பளைப் பிள்ளைங்க ரெண்டு நிமிஷம் முப்பது செகண்டுக்குள்ள ஓடணும். அந்தந்த ஸ்கூல் பி.டி. மாஸ்டர் டைம் பாத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பணும். எங்க மைதானம் இருநூறு மீட்டர், நாலு ரவுண்டு. வெறுங்கால்ல ஓடுனா. ரெண்டு கட்டையைச் சேத்து அடிச்சு ஸ்டார்ட் கொடுக்கணும், கட்டையில சுண்ணாம்புப் பொடி தடவியிருப்போம். டைம் பாக்குறவன் சத்தத்தைக் கேட்டு அமுக்கக் கூடாது. பொடி பறக்கறதைப் பாத்து அமுக்கணும். சத்தம் லேட்டா வரும். நான் பொடியைப் பாத்துத்தான் அமுக்குனேன். அதுல எல்லாம் என்னைக் குத்தம் சொல்ல முடியாது.

ரெண்டு முப்பத்திரண்டு.

ரெண்டு செகண்ட் கூட. நான் என்ன செய்ய முடியும். முடியாதும்மான்னுட்டேன்.

அப்ப எமிலி டீச்சர்னு ஒரு அம்மா இருந்தாங்க, தையல் டீச்சர். அவங்க வராண்டாவுல நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க. கையில ஒரு சின்ன லேடீஸ் வாட்ச். அவங்க வந்து, “சார், என் வாட்ச்ல ரெண்டு இருபத்தெட்டுதான் ஆச்சு”ன்னாங்க. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. “டீச்சர், அது கையில கட்டிக்கிட்டு கல்யாண வீட்டுக்குப் போறதுக்கு உள்ள சாமான். அதுல போய் ரேஸ் டைம் பாக்க முடியுமா”ன்னேன். எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். அந்தம்மா முகம் செத்துப்போச்சு. அதுக்கப்புறம் நாலு வருஷம் எங்கிட்டப் பேசல. நானும் பேசல. தப்பு அவங்க மேல, நான் ஏன் போய்ப் பேசணும்.

இந்தப் பிள்ளை முத்துப்பேச்சி அப்படியே நின்னா. மூச்சு வாங்குது. “சார், டீச்சர் சொல்லுதாங்கள்லா. வாட்ச்ல ஏதும் கோளாறு இருக்குமோ சார்” அப்படின்னா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்”னு சொன்னேன். சுத்தி நின்ன பிள்ளைங்க எல்லாம் சிரிச்சுட்டு. அவ சிரிக்கல, அழவும் இல்ல. “இன்னொரு தடவை ஓடுதேன் சார். ஒரே ஒரு தடவை. அஞ்சு நிமிஷம் ஆகாது”ன்னா. அப்பத்தான் ஓடி முடிச்சவ. மறுபடி ஓடுனா இன்னும் கூடத்தான ஆகும். அதுவும் போக, எனக்கு ஆயிரம் சோலி கிடக்கு, போம்மான்னுட்டேன்.

அவ்வளவுதான் நடந்தது. பத்தாப்போட படிப்பு நின்னுட்டு. பதினேழு வயசுல கட்டிக் கொடுத்துட்டாக. இப்பவும் பீடிதான் சுத்துதா. விரல் எல்லாம் இலை வெட்டி வெட்டிக் காச்சுப் போயிருக்கு, பழத்தை நீட்டும்போது பாத்தேன்.

சண்டைக்கு வந்திருக்கான்னுதான் நான் நெனச்சேன். மனசுக்குள்ள பதிலைக்கூடத் தயார் பண்ணிட்டேன். அவ என்னடான்னா சிரிச்ச முகமா உக்காந்திருக்கா. மக பத்தாப்பு படிக்காளாம், ரஞ்சனின்னு பேரு. அவளும் எண்ணூறு மீட்டராம். அடுத்த மாசம் வெளியூர்ல செலக்‌ஷனாம். “சார், ஸ்கூல் வாட்ச்ல ரெண்டு இருபத்தொம்பது காட்டுது. ஆனா அது வேற வாட்ச்லா. என்னைப் பாத்த வாட்ச்ல அவளைப் பாக்கணும் சார். நீங்களே பாக்கணும். அப்பத்தான் தாய் வேகமா, மக வேகமான்னு தெரியும். அந்த வாட்ச் இருக்கா சார்?” இதைத்தான் கேக்க வந்திருக்கா.

இருந்துச்சு. தொண்ணூத்தி மூணுல ஸ்கூலுக்கு பேட்டரி வாட்ச் வந்தப்ப இதைக் கழிச்சு விட்டாங்க. நான் எழுதிக் கொடுத்து வாங்கி வச்சுக்கிட்டேன். பீரோவுல கிடந்துச்சு. ஓடல, துரு ஏறிப் போச்சு.

போகும்போது வாசல்ல நின்னு அவ ஒண்ணு சொன்னா அண்ணாச்சி. “அன்னிக்குக் கடைசி வளைவுல கொஞ்சம் தளந்துட்டேன் சார். அதுலதான் அந்த ரெண்டு செகண்ட் போச்சு. இருபத்தேழு வருஷமா நெனச்சுக்கிடுவேன், அந்த வளைவுல மட்டும் பல்லைக் கடிச்சு ஓடியிருந்தா”ன்னு. மககிட்டயும் அதைத்தான் சொல்லி வளக்காளாம். கடைசி வளைவுல தளரக் கூடாதுன்னு.

சரி, ஒரு வாட்சை ஓட வைக்கறது என்ன பெரிய காரியம்னு பாய்கிட்டக் கொண்டு போனேன். அவரு பின் மூடியைத் தொறந்தாரு. கண்ணுல அந்த லென்சைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. “சார், துரு ஒரு பக்கம் இருக்கட்டும். இதுல ஹேர் ஸ்பிரிங்ல, இந்த முடி மாதிரி சுருள் கம்பியில, யாரோ முன்னாலேயே கை வச்சிருக்காங்க. வளைஞ்சதை நிமித்துறேன்னு ரெண்டு சுத்தை ஒண்ணோட ஒண்ணு ஒட்ட விட்டிருக்கான். இப்படி இருந்தா ஸ்பிரிங் குட்டையாயிரும். வாட்ச் ஓடும், ஆனா வேகமா ஓடும்”னாரு.

வேகமா ஓடும்னா என்ன அர்த்தம், புரியுதா. அறுபது செகண்ட் ஆகுறதுக்கு முன்னாலேயே முள்ளு அறுபதைத் தொட்டுரும். ஓடுற பிள்ளைக்கு உள்ள டைமை விடக் கூடக் காட்டும்.

“இது சமீபத்துல ஆனதா இருக்கும் பாய்”னு சொன்னேன். அவரு தலையை ஆட்டுனாரு. வாட்ச் ரிப்பேர் பாக்குறவங்களுக்கு ஒரு வழக்கம் உண்டாம் அண்ணாச்சி. மூடியைத் தொறந்து வேலை பாத்தா, மூடியோட உள்பக்கம் ஊசியால தேதியும் தன்னோட குறியும் கீறி வச்சுட்டுத்தான் மூடுவாங்களாம். அந்த லென்சை என் கையில கொடுத்து, பாருங்கன்னாரு. பாத்தேன். பொடிப்பொடியா கீறியிருக்கு. ஆறு, ஒரு கோடு, எண்பத்தெட்டு.

ஜூன் எண்பத்தெட்டு. ஸ்கூல் தொறந்த வாரம். அப்பத்தான் எனக்கு எல்லாம் ஞாபகம் வருது. பம்புசெட்டு படிக்கல்லுல கை தவறிப் போட்டுட்டேன். ஸ்கூல் சாமான். ஹெட்மாஸ்டர்கிட்டச் சொன்னா எழுதிக் கொடுன்னு நிப்பாரு. அதனால யாருக்கும் தெரியாம, பஸ் ஸ்டாண்டு பக்கம் குடையை விரிச்சு உக்காந்திருந்த ஒருத்தன்கிட்டக் கொடுத்தேன். நான் ஒரு டீ குடிச்சுட்டு வாரதுக்குள்ள சரி பண்ணிட்டான். காதுல வச்சுப் பாத்தேன், ஓடுச்சு. ஓடுனாப் போதும்னு வாங்கிட்டு வந்துட்டேன். வேற ஒரு வாட்சோட வச்சுப் பாத்தியான்னு கேப்பீங்க. முறைப்படி மூணு வாட்ச் வச்சுப் பாக்கணும், நடுவுல உள்ள டைமை எடுக்கணும். ட்ரெயினிங்ல சொல்லிக் கொடுத்திருக்காங்க, எனக்குத் தெரியாம இல்ல. எங்க ஸ்கூல்ல ஒண்ணுதான இருந்துச்சு.

இல்ல, எனக்கு இன்னும் ஒப்பல. பாய் சொன்னா எல்லாம் வேத வாக்கா. அந்த வருஷத்துல இருந்து எங்க பிள்ளைங்க எல்லாருமே மந்தமாத்தான் ஓடுனாங்க. நானே கவனிச்சேன். எண்பத்தேழுல நல்லா ஓடுன பிள்ளைங்க எண்பத்தெட்டுல நாலு செகண்ட், அஞ்சு செகண்ட் பின்னால போயிட்டாங்க. ஏன்னா ஊருக்குள்ள அப்பத்தான் டி.வி. வந்துச்சு. ஞாயித்துக்கிழமை காலைல மைதானத்துல ஒரு பிள்ளை இருக்காது. பேரன்ட்ஸ் மீட்டிங்ல மைக்கைப் பிடிச்சுக் கத்தியிருக்கேன், டி.வி. பெட்டியை மூடுங்க, பிள்ளைங்க காலு சூம்பிப் போகுதுன்னு. கொண்டைக்கடலையை ஊற வச்சுக் கொடுங்கன்னு வீடு வீடாப் போய்ச் சொன்னேன். அஞ்சு வருஷம் சொன்னேன். ஆனா ஒண்ணு, ஜில்லா மீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா அதே பிள்ளைங்க இங்க ஓடுனதை விட அஞ்சு செகண்ட் கம்மியா ஓடுவாங்க. மத்த மாஸ்டர்மாரு எல்லாம் ஆச்சரியப்படுவாக. மீட்டுன்னு வந்தா சங்கரபாண்டியன் பிள்ளைங்களுக்குச் சூடு பிடிச்சுரும்பாக. என் கோச்சிங் அப்படி. அதை நான் இப்பவும் சொல்லுவேன்.

நீங்க என்ன அப்படிப் பாக்கீங்க.

சரி. பாய் ரெண்டு வழி சொன்னாரு. ஒண்ணு, ரிப்பேர். ஸ்பிரிங்கைப் பிரிச்சுச் சரி பண்ணலாம். ஆனா அதுக்கு இது இப்ப எவ்வளவு வேகமா ஓடுதுன்னு மொதல்ல அளக்கணும். “அளந்தா உங்ககிட்டச் சொல்லாம இருக்க மாட்டேன் சார். சொல்லாம மூடுனா அது தொழில் இல்ல”ன்னாரு. இன்னொண்ணு, மெஷினையே மாத்துறது. இதே மாடல்ல பழைய மெஷின் ஒண்ணு நல்லா ஓடுற நெலைமையில அவர்கிட்ட வந்து கிடக்கு. அதைத் தூக்கி இதுக்குள்ள வச்சுரலாம். பழசை அளக்க வேண்டிய தேவையே கிடையாது. அப்படியே குப்பைக்குப் போயிரும்.

“மாத்துனா அது அதே வாட்ச்தானா பாய்”னு கேட்டேன்.

“கூடு அதுதான் சார். முகம் அதுதான், முள்ளு அதுதான். ஓடுறது மட்டும் வேற.”

துருவை மட்டும் எடுத்துட்டு, ஸ்பிரிங்கைத் தொடாம ஓட வச்சுக் கையில கொடுத்துட்டாரு. “வீட்டுக்குக் கொண்டு போய் ஒரு நல்ல கடியாரத்தோட வச்சுப் பாருங்க சார். பாத்துட்டு நீங்களே முடிவு சொல்லுங்க. அந்த மெஷினை வேற ஒருத்தர் கேக்காரு. புதன்கிழமை வரைக்கும் வச்சிருப்பேன்.” இன்னிக்குப் புதன்.

எட்டு நாளா மேசையில வச்சிருக்கேன். மேல சுவர்ல கடியாரம் ஓடுது. ஒரு தடவை குமிழை அமுக்குனா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுரும். கையைக் கொண்டு போவேன், எடுத்துருவேன். எங்க வீட்டுல பாத்துக்கிட்டே இருந்தா. “அந்தப் பிள்ளையளை முப்பத்திநாலு வருஷம் ஓடு ஓடுன்னு வெரட்டுனிய. ஒரு பித்தானை அமுக்க இவ்வளவு பயமா”ன்னு கேட்டா. பயம் இல்லடி, யோசனைன்னேன். என்ன யோசனைன்னு அவளும் கேக்கல, நானும் சொல்லல.

யோசிச்சுத்தான் பாத்தேன். மாத்திட்டேன்னு வைங்க. நாளைக்குக் காலைல ஆறரைக்கு மைதானத்துக்கு வரச் சொல்லியிருக்கேன், மக ஓடுவா. ரெண்டு இருபத்தொம்பது வரும். தாய் ரெண்டு முப்பத்திரண்டு. மக ஜெயிச்சுட்டா. தன்னை விடத் தன் மக வேகம்னா எந்தத் தாய்க்குச் சந்தோஷம் இருக்காது சொல்லுங்க. அவ சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போவா. யாருக்கு என்ன நட்டம். மாத்தாம இப்படியே கொண்டு போனா அந்தச் சின்னப் பிள்ளைக்கு ரெண்டு முப்பத்திநாலுன்னு காட்டும், செலக்‌ஷன் நேரத்துல மனசு உடைஞ்சு போகும், அது பாவம். ரிப்பேர்னா எனக்குத் தெரிஞ்சு போகும். தெரிஞ்ச பொறவு அவகிட்டச் சொல்லாம எப்படி இருக்க. சொன்னாலும் என்ன ஆகப் போகுது. அந்த ஆகஸ்டு மாசத்தைக் கையில கொடுக்க முடியுமா. இருபத்தேழு வருஷம் பீடி சுத்துனவகிட்டப் போய், உன் கால்ல குத்தம் இல்லம்மா, என் பையில குத்தம்னா, அவ எங்க போய் முட்டிக்கிடுவா.

அவ ஒருத்திதான் வீட்டுக்கு வந்தா அண்ணாச்சி. அஞ்சு வருஷம் இந்த வாட்ச்லதான் எல்லாருக்கும் டைம் பாத்தேன். எத்தனை பேருன்னு எண்ண ஆரம்பிச்சா தூக்கம் போயிருது. பேரு ஒண்ணும் ஞாபகம் இல்ல. முதுகு மட்டும் ஞாபகம் இருக்கு, மைதானத்தை விட்டுத் திரும்பிப் போற முதுகு.

பத்தமடை எப்பவோ தாண்டிட்டுல்லா. சரி. உங்க செல்போன்ல அந்த ஸ்டாப் வாட்ச் இருக்கும்லா. இருக்கா. எடுங்க. யாரோ ஒரு ஆளு, இனிமே நாம பாத்துக்கிடப் போறோமா என்ன. உங்க முன்னால அமுக்கிருதேன். வீட்டுல முடியல. ரெண்டு பேரும் ஒண்ணா அமுக்கணும். இதுல ரெண்டு முப்பத்திரண்டு வரும்போது நான் நிறுத்துங்கன்னு சொல்லுவேன், நீங்க அந்த நிமிஷமே நிறுத்திரணும்.

ரெடி. ஒண்ணு, ரெண்டு, மூணு.

ஓடுது. கேக்கா உங்களுக்குச் சத்தம். இந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை வருஷமாச்சு.

இப்ப மொத வளைவு. அன்னிக்குக் காத்து கெழக்க இருந்து அடிச்சுது. பாவாடையைத் தூக்கி இடுப்புல சொருகிக்கிட்டு ஓடுனா. கூட ஓட ஆளு கிடையாது, தனியாத்தான் ஓடுனா. கூட ஒருத்தி ஓடியிருந்தா இன்னும் வேகம் வந்திருக்கும். மொத ரவுண்டு முடியும்போது நான் கத்துனேன், முப்பத்தெட்டுன்னு. அவ நிமிந்து என்னைப் பாத்தா. என்னடா இவ்வளவு ஆயிட்டான்னு பாத்த மாதிரி இருந்துச்சு.

ஒரு நிமிஷம் ஆச்சு.

ரெண்டாவது ரவுண்டு. எழுபத்தாறுன்னு கத்துனேன். கூடிட்டு, கூடிட்டு, வேகமா வான்னேன். வேகமாத்தான் ஓடுனா. பயந்து ஓடுனா. எமிலி டீச்சர் வராண்டாத் தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்காங்க. மூணாவது ரவுண்டுல வாயைத் தொறந்துட்டா, மூக்கால மூச்சு விடுன்னு கத்துனேன். நூத்திப் பதினாலு.

இந்தா, ரெண்டு நிமிஷம் ஆகப் போகுது. இப்ப கடைசி ரவுண்டு. வேப்ப மரத்துக்குப் பக்கத்துல அந்த வளைவு. தளந்துட்டேன்னு சொன்னாள்லா, இங்கதான். நான் வாட்சைக் கையில வச்சுக்கிட்டு அவளையே பாத்துக்கிட்டு இருக்கேன்.

தளரல அண்ணாச்சி. நான் பாத்தேன்லா. அந்த வளைவுல அவ பல்லைக் கடிச்சுட்டு வந்தா. குதிங்கால் தரையில படல. அப்படி ஒரு பிள்ளை அந்த வளைவுல ஓடி நான் அதுக்கு முன்னாலயும் பாக்கல, பின்னாலயும் பாக்கல. இவ முப்பதுக்குள்ள வந்துருவான்னுதான் நானே நெனச்சேன். அப்புறம் முள்ளைப் பாத்தேன். முள்ளைப் பாத்த பொறவு கண்ணால கண்டதை விட்டுட்டேன்.

இருபத்தெட்டு. இருபத்தொம்பது. முப்பது. முப்பத்தி ஒண்ணு.

நிறுத்துங்க.

என் வாட்ச்ல பாருங்க, சரியா ரெண்டு முப்பத்திரண்டு. உங்க செல்லுல எத்தனை. எங்கிட்டக் காட்டாதீங்க, நீங்களே வாசிங்க.

ரெண்டு இருபத்தேழா.

முப்பத்தேழு இல்லியே.

ம்.

எமிலி டீச்சர் வாட்ச்ல கூட இருபத்தெட்டுதான் வந்துச்சு.

இல்ல அண்ணாச்சி, செல்போனை வச்செல்லாம் இதைச் சொல்ல முடியாது பாத்துக்கிடுங்க. அது பேசுறதுக்கு உள்ள சாமான். அதுல போய் ரேஸ் டைம் பாக்க முடியுமா. ஆரம்பிக்கும்போது உங்க விரல் லேட்டா அமுக்கியிருக்கும். பஸ் வேற நடுவுல ஒரு பள்ளத்துல விழுந்துச்சு. இன்னொரு தடவை பாப்போம். ஒரே ஒரு தடவை. அஞ்சு நிமிஷம் ஆகாது.

முன்னீர்பள்ளம் வந்துட்டா. இங்கயா நீங்க எறங்கணும்.

சரி, எறங்குங்க. உங்களுக்கும் ஆயிரம் சோலி கிடக்கும். பையை எடுத்துக்கிட்டீங்களா. எனக்கு அடுத்த ஸ்டாப்புதான், பாய் கடை தொறந்திருக்கும்.

அண்ணாச்சி, இங்கன, ஜன்னல்கிட்ட கொஞ்சம் வாங்க. வாட்ச் கதையெல்லாம் வேண்டாம். கடைசி வளைவுல நீ தளரலம்மான்னு, அதை மட்டும் நாளைக்கு அவகிட்டச் சொல்லிரட்டுமா?